அரை மணி ஆயிலியம்

கொட்டாஞ்சேனையில் இருந்து போன் வந்தபோது பாக்கியலெட்சுமி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அதனால்தான் அந்தச் சொல் குசினியோடு நிற்காமல் முன்னறைக்கும் வந்து, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா சரோஜினிதேவியின் காதில் விழுந்தது.

பேசியவர் இராசமலர். பாக்கியலெட்சுமியின் ஒரே மகள் சாம்பவிக்கு மாமியாராக வர இருந்தவர்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. நீங்கள் தந்த குறிப்பில பொம்பிளைக்குப் பூசம் எண்டு கிடக்கு. இன்ரநெற்றில இருக்கிற உங்கட அக்கான்ர சாதகப் பேஜில அதே திகதியையும் அதே நேரத்தையும் போட்டுப் பாத்தன். ஆயிலியம் எண்டெல்லோ வருது."

"அப்பிடி வராதே..."

"வருது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாச்சு. எங்கட அண்ணையும் பாத்தவர். ஆற்ற கணக்குப் பிழைச்சாலும் அக்கான்ர கணக்குப் பிழைக்காதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அப்ப குறிப்பிலதானே பொய்? ஆயிலியத்தைப் பூசமாக்கித் தந்திருக்கிறியள்."

"ஐயோ, நாங்கள் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை..."

"ஆயிலியத்தில ஒருத்தி வந்தா மாமியார் மூலையில எண்டு சொல்லுவினம். மூலையில இருக்கப்போறவள் நானெல்லோ! வெள்ளிக்கிழமைப் பொன்னுருக்கை இப்ப நிப்பாட்டி வைப்பம். பிறகு பாப்பம்."

போன் நின்றது. தாலிக்குப் பொன் உருக்கும் நாளைக் குறித்து, ஐயருக்கும் நகைப் பத்தருக்கும் சொல்லி, வாழைக்குலைக்குக்கூடச் சொல்லிவைத்த பிறகு நிப்பாட்டுவது என்றால் அது நிப்பாட்டுவது இல்லை, முறிப்பது. இது பாக்கியலெட்சுமிக்குத் தெரியும். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

சரோஜினிதேவி எழும்பிவிட்டார். எழுபதைத் தாண்டியும் கதிரையில் முதுகு சாயாத மனுசி அவர். பல்கனி வரை போனார், திரும்பி வாசல் வரை வந்தார், பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று கல்கிசைப் பக்கம் போக, ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுத்தது.

கலியாணம் நின்றால் நிற்கட்டும். வெள்ளவத்தையில் நின்றுபோன கலியாணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பொய் என்ற சொல்லை என்ன செய்வது? அவர்களுடைய தந்தையார் கணித மாஸ்டர். காசு வாங்காமல் சாதகம் கணித்துக் கொடுத்தவர். மகளுக்கு வரன் தட்டிப்போகிறது, நட்சத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கோ மாஸ்டர் என்று வந்து நின்ற சொந்த மைத்துனரையே வாசல் படலையோடு திருப்பி அனுப்பியவர். அந்த வீட்டுக் கையெழுத்தில் ஒரு நட்சத்திரம் மாறியது என்று இதுவரை ஒரு நாக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லியாயிற்று. இனி அது கொட்டாஞ்சேனையில் இருந்து பாமன்கடை வரைக்கும் நடக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அதை நிறுத்தாவிட்டால் பிறகு ஒருபோதும் நிறுத்த முடியாது.

"அக்கா," பாக்கியலெட்சுமி மெல்லத் தொடங்கினாள். "குறிப்பு வாக்கியம், பேஜ் திருக்கணிதம் எண்டு சொல்லிவிடுவமே?"

பஞ்சாங்கத்தில் அப்படி இரண்டு வகை உண்டு. இரண்டிலும் நட்சத்திரம் மாறும் நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஊரில் பாதிச் சாதகச் சண்டைகள் இந்தப் போர்வைக்குள்தான் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"குறிப்பு எழுதினது ஆர்?"

"நீங்கள்."

"எதில எழுதினனான்?"

"...திருக்கணிதத்தில."

"பேஜில ஓடுற புரோகிராம் ஆர் எழுதினது?"

"நீங்கள்தான்."

"அது என்ன கணிதம்?"

பாக்கியலெட்சுமி குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எந்த வாயால அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லுறாய்? போடி, போய் வெங்காயத்தை வெட்டு."

சிக்கலே அங்கேதான் இருந்தது. சாம்பவி பிறந்தபோது பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் கணித்துப் பூசம் என்று எழுதியவர் சரோஜினிதேவி. சில வருடங்கள் கழித்து, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்த காலத்தில், அதே கணிதத்தை சி மொழியில் புரோகிராமாக எழுதியவரும் அவர்தான். இரண்டும் அவருடைய கை. ஒரு கை பூசம் என்கிறது, மற்றக் கை ஆயிலியம் என்கிறது. எந்தக் கையை வெட்டுவது?

சத்தம் கேட்டுச் சாம்பவி அறையை விட்டு வெளியே வந்தாள். முப்பது வயது, கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. அந்தப் பேஜைச் செய்து இணையத்தில் ஏற்றியவள் அவள்தான். கையில் இருந்த போனில் மாப்பிள்ளை கார்த்திகனின் செய்தி. அவள் அதை வாசித்தே காட்டினாள்.

"'அம்மா நிண்டு ஆடுறா. நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்.' நான் யோசிக்கேல்லை. ஒரு நட்சத்திரத்துக்காக நிக்கிற கலியாணம் நிக்கட்டும்."

சொன்னாளே ஒழிய, போனை மேசையில் வைக்க அவளால் முடியவில்லை. வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"முதல் உன்ர சாதகத்தை அந்தப் பேஜில போடு," என்றார் சரோஜினிதேவி.

"நான் போடுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பெரியம்மா."

அதுவும் உண்மை. அவளுடைய குறிப்பு போன வீடுகளில் இருந்தெல்லாம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்த காலத்தில், இனி இந்தக் கடதாசியைக் கையால் தொடமாட்டேன் என்றவள். பேஜைச் சோதித்துப் பார்த்தபோதும் பெரியம்மாவிடம் முன்னர் வந்து கணிப்பித்தவர்களின் பிள்ளைகள், இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள், அவர்களுடைய விபரங்களைத்தான் போட்டுப் பார்த்தாள். எல்லாம் அச்சொட்டாக வந்தன.

"இண்டைக்குப் போடு."

மடிக்கணினியைத் திறந்து போட்டாள். மேலே கொட்டை எழுத்தில் 'சரோஜினிதேவி கணிதம்' என்ற பெயர். கீழே, நட்சத்திரம்: ஆயிலியம். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

"நீ ஏதோ மாத்திப்போட்டாய்."

"உங்கட கோட்டில ஒரு எழுத்தும் தொடேல்லை. தொடக்கூடாதெண்டு சாமி அறையில வைச்சுச் சத்தியம் வாங்கினது ஆர்?"

"அப்ப எப்பிடி அது பிரவுசரில ஓடுது? பிரவுசருக்கு சி தெரியாதே."

"தெரியாதுதான். அதுக்குத்தான் கம்பைல் பண்ணி, பிரவுசர் விளங்குற மெஷின் கோட் ஆக்கி வைச்சிருக்கிறன். பேஜில இருக்கிறது ஜாவாஸ்கிரிப்ட். அது ஆக்கள் அடிக்கிற திகதி, நேரம் எல்லாத்தையும் வாங்கி, உள்ளுக்கு இருக்கிற உங்கட கணக்குப் பங்ஷனைக் கூப்பிட்டு, இந்தாங்கோ இலக்கங்கள், கணிச்சுத் தாங்கோ எண்டு கேக்கும். உங்கட பங்ஷன் விடையைச் சொல்லும். அவ்வளவுதான். கணக்கெல்லாம் உங்கட கணக்கு. என்ரது வெறும் கூப்பிடுறது."

"கூப்பிடத் தெரியாமல் கூப்பிட்டிருப்பாய்."

"பெரியம்மா!"

"கத்தாதே. பழைய மாதிரி, பேஜ் இல்லாமல், அதை ஓட்டலாமோ?"

சாம்பவி முணுமுணுத்தபடி ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். எழுத்துக்கள் மட்டும் ஓடும் அந்தக் கறுப்பைக் கண்டதும் சரோஜினிதேவியின் தோள் தானாக நிமிர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டு விசைப்பலகைக்கு முன்னால் அமர்ந்தார்.

"பாக்கியம், பிறந்த நேரத்தைச் சொல்லு."

அவருக்குத் தெரியாத நேரமா? ஆனாலும் தாய் வாயால் கேட்டுத்தான் அடிப்பது அவருடைய வழக்கம்.

"பின்னேரம் ஆறு பத்து," என்றாள் பாக்கியலெட்சுமி. "பழைய நேரம்."

விரல்கள் ஓடின. விடை விழுந்தது. நட்சத்திரம்: பூசம்.

"என்ர கதிர்காமத்தானே!" பாக்கியலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, உங்கட கணக்குப் பிழைக்கேல்லை. பேஜிலதான் பிழை. நான் இப்பவே போன் எடுத்து..."

"நில்லுங்கோ அம்மா." சாம்பவியின் கண் திரையை விட்டு அசையவில்லை. "பெரியம்மா, நீங்கள் ஆறு நாப்பது எண்டெல்லோ அடிச்சனீங்கள்?"

"ஓம்."

"அம்மா சொன்னது ஆறு பத்து."

"பழைய நேரம் எண்டும் சொன்னவள்தானே. பழைய நேரமெண்டால் அரை மணி கூட்டத்தானே வேணும். இதையும் சொல்லித் தரவேணுமோ?"

சாம்பவி பழைய வருடங்களை விரல் மடித்து எண்ணினாள்.

அவள் பிறந்தது இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்ற தொண்ணூற்றாறாம் வருடத்தின் தை மாதத்தில். அடுத்த சில மாதங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். பிறகு அரை மணி பின்னே இழுத்தார்கள். அந்த அரை மணி கூடின நேரமே பத்து வருடத்துக்குக் கிட்ட நிலைத்தது. அதுதான் புது நேரம். அரசின் கையில் இல்லாத வன்னியிலோ அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு மணிக்கூடு. கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒருவர் நேரம் சொன்னால் புது நேரமோ பழைய நேரமோ என்று கேட்காமல் கதை நகராத காலம் அது. இரண்டாயிரத்து ஆறில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. சரோஜினிதேவியின் விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

புரோகிராமை அவர் எழுதியது அந்தப் புது நேரத்துக்கு நடுவில். கிறீன்விச் நேரத்தோடு பார்த்தால் அப்போது கொழும்புக்கு ஆறு மணித்தியால வித்தியாசம். லண்டனுக்குப் பூச்சியம், ரொறன்ரோவுக்குக் கழித்தல் ஐந்து, கொழும்புக்கு ஆறு. அவரிடம் சாதகம் கேட்ட உலகம் முழுவதும் முழு எண்ணாக, நிறைவெண்ணாகவே இருந்தது. பின்னத்துக்கு வேலையே இல்லை. பழைய நேரத்தில் பிறந்தவர் வந்தால் மனதுக்குள் அரை மணியைக் கூட்டிப் புது நேரமாக்கி அடிப்பார். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதைப் பற்றி யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சாம்பவி கோட்டைத் திறந்து, அந்தப் பங்ஷனின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இதைப் பாருங்கோ. நேர வித்தியாசத்துக்கு இன்ட் எண்டு போட்டிருக்கிறியள். நிறைவெண்."

"ஓம். ஆறு நிறைவெண்தானே."

"நான் ஜாவாஸ்கிரிப்டில எந்தெந்தக் காலத்தில இலங்கை நேரம் என்னெண்டு தேடி எடுத்து ஒழுங்காப் போட்டனான். புது நேரக் காலத்துக்கு ஆறு. அதுக்கு முன்னமும் இப்பவும் அஞ்சரை. என்ர பிறப்புக்கும் அஞ்சரையைத்தான் உள்ளுக்கு அனுப்பினது. ஜாவாஸ்கிரிப்டுக்கு அஞ்சும் நம்பர், அஞ்சரையும் நம்பர். ஆனா உங்கட பங்ஷனின்ர வாசலில நிறைவெண் மட்டும்தான் உள்ளுக்குப் போகலாம். அரையை வெட்டி எறிஞ்சுபோட்டு அஞ்சை மட்டும் எடுத்திருக்குது. கழிக்க வேண்டியதில அரை மணி குறைஞ்சதால நான் அரை மணி பிந்திப் பிறந்த மாதிரிக் கணிச்சிருக்குது."

"பிழையெண்டு ஒரு சத்தமும் போடேல்லையே?"

"போடாது. பேசாமல் வெட்டும்."

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போவது போல, ஐந்தரை தன் அரையைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஐந்தாக உள்ளே போயிருந்தது. அந்த அரை மணியில் சந்திரன் ஒரு நூல் அளவு நகர்ந்து, பூசத்தின் கரையைத் தாண்டி ஆயிலியத்தில் கால் வைத்துவிட்டது.

"எனக்கு முழு எண் பிழையில்லை," என்றார் சரோஜினிதேவி. குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "நான் அரை மணி கூட்டித்தான் அடிப்பன்."

"நீங்கள் கூட்டுவீங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஆர் சொன்னது?"

சரோஜினிதேவி மீண்டும் பல்கனிக்குப் போனார். கடல் காற்றில் காய்ந்துகொண்டிருந்த சீலை ஒன்று முகத்தில் வந்து அறைந்தது. அதை விலக்கவும் தோன்றவில்லை. தன் பெயரைப் போட்ட பேஜில் எத்தனை வீட்டார் போட்டுப் பார்த்திருப்பார்கள்? அரை மணி எல்லோரையும் பிடிக்காது. நட்சத்திரத்தின், லக்கினத்தின் கரையில் பிறந்தவர்களைத்தான் பிடிக்கும். பிடித்தவர்களுக்கு?

உள்ளே சாம்பவியின் விரல் விசைகளுக்கு மேலே நின்றது. "ஒரு சொல் மாத்தினாக் காணும், பெரியம்மா. பின்னம் வாங்கும். அஞ்சு நிமிசத்தில ஏத்திவிடுறன்."

"திருத்தாதே."

"என்ன?"

"இப்ப திருத்தாதே. காலமை ஆயிலியம் எண்டு காட்டினது மத்தியானம் பூசம் எண்டு காட்டினா அந்த மனுசி என்ன சொல்லும்? குறிப்பில பொய் எழுதின கை பேஜிலயும் எழுதிப்போட்டுது எண்டு சொல்லும். சொல்லாதோ?"

"சொல்லுவா," என்றாள் பாக்கியலெட்சுமி உடனே. "நானெண்டாலும் சொல்லுவன்."

"பிழை பிழையாவே இருக்கட்டும். அவவின்ர கண்ணுக்கு முன்னால, அவவின்ர வீட்டாக்களையே போட்டு, பிழையெண்டு அவவே காண வேணும்."

"அவையின்ர வீட்டில ஒருத்தரும் கரையில பிறக்காட்டி?" என்றாள் சாம்பவி.

சரோஜினிதேவி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"கார்த்திகனிட்ட அவர் பிறந்த நேரத்தைக் கேட்டுப் பாக்கட்டே? ஒரு மெசேஜ்தான்." மாப்பிள்ளையின் குறிப்பை இராசமலர் கையை விட்டுக் கொடுத்ததில்லை. சுத்த சாதகம், செவ்வாய் தோஷம் இல்லை என்று வாயால் சொன்னதோடு சரி; பொருத்தத்தைக்கூடத் தன் சாத்திரியாரிடமே பார்த்துக்கொண்டார்.

"தாய்க்குத் தெரியாமல் களவாக் கேக்கிறது எங்கட வீட்டுப் பழக்கமில்லை. வெளிக்கிடு. முகத்துக்கு நேரே கேப்பம்."

பாக்கியலெட்சுமியை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் காலி வீதிக்கு வந்து நின்றதும் ஓட்டோ ஒன்று கிடைத்தது. "மல்லி, கொட்டஹேன யனவத?" என்று, கொட்டாஞ்சேனைக்குப் போவாயா எனச் சிங்களத்தில் கேட்டபடியே சரோஜினிதேவி ஏறிவிட்டார். விலை பேசவில்லை. அவர் விலை பேசாமல் ஓட்டோவில் ஏறியதைச் சாம்பவி அன்றுதான் கண்டாள்.

பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கு. கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் அவருடைய கால் ஓட்டோத் தரையைத் தட்டியது. இந்த நிமிடம் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒரு தாய் அந்தப் பேஜில் நேரத்தை அடிக்கிறாளோ? இந்த நிமிடம் தன் பெயருக்குக் கீழே ஒரு பிள்ளையின் லக்கினம் பிசகுகிறதோ? சாம்பவியின் மடியில் இருந்த கணினியைப் பார்த்தார். இப்போதே திருத்து என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டார். காலிமுகத்திடல் கடந்தது. கோட்டை கடந்தது.

"அய்யே, டிக்கக் இக்மனட்ட," என்று கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னாள் சாம்பவி சாரதியிடம். அவளுக்கும் பொறுக்கவில்லை.

இராசமலரின் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடி. கதவைத் திறந்தவன் கார்த்திகன். சாம்பவியைக் கண்டு சிரிக்கப் பார்த்தான். பின்னால் சரோஜினிதேவியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டான்.

"வாங்கோ அன்ரி."

இராசமலர் எழும்பவில்லை. "சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள். இருங்கோ."

"இருக்க வரேல்லை," என்றார் சரோஜினிதேவி. "காலமை ஒரு சொல் சொன்னியள். அதுக்காக வந்தனான். குறிப்பில பொய் இல்லை. பேஜில பிழை இருக்கு."

"அதெப்பிடி? நேற்றுவரைக்கும் பிழைக்காத கணக்கு, உங்கட பிள்ளைக்கு ஆயிலியம் வந்த உடன பிழைச்சுப் போச்சோ?"

"கேள்வி நியாயம். பேஜ் அப்பிடியேதான் கிடக்கு, நாங்கள் தொடேல்லை. உங்கட வீட்டில ஆரையாவது போட்டுப் பாருங்கோ. உங்கட போனில, உங்கட கையால."

இராசமலர் சந்தேகத்தோடு போனை எடுத்தார். தன் திகதியையே அடித்தார். அடித்துவிட்டு வாசித்தார். "உத்தரம். கன்னி லக்கினம். சரியாத்தான் சொல்லுது." போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "இதுக்கு என்ன சொல்லுறியள், ரீச்சர்?"

சரோஜினிதேவி ஒருநாளும் ரீச்சராக இருந்தவரில்லை. அது குத்து என்பது எல்லோருக்கும் விளங்கியது. சாம்பவி வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கரையில் பிறக்காதவரை அரை மணி ஒன்றும் செய்யாது என்று சொல்லப் போனால், ஓட்டை மறைக்கும் நியாயமாகத்தான் இந்த வீட்டில் அது காதில் விழும். சரோஜினிதேவி நேரே நின்றார். முழங்கால் கடுத்தது. இருக்கவில்லை.

"இன்னொராளைப் போட்டுப் பாருங்கோ."

"இன்னும் எத்தினை பேரைப் போடச் சொல்லுவியள்?"

"அம்மா, என்னைப் போடுங்கோவன்," என்றான் கார்த்திகன்.

"உன்னைப் போட என்ன கிடக்கு? கடக லக்கினம். ஒம்பதாம் வீட்டில செவ்வாய். சாத்திரியாரே கையெடுத்துக் கும்பிட்ட சாதகம்."

"அப்ப பயப்பிடாமல் போடலாம்தானே."

மகன் சொன்னதால் போட்டார். சித்திரை மாதம், மத்தியானம் ஒரு மணி கழிந்து சில நிமிடம். அழுத்தினார். கண்ணாடியைச் சரி செய்தார். மறுபடி பார்த்தார். போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"என்ன இது?"

கார்த்திகன் எட்டிப் பார்த்து வாசித்தான். "சிம்ம லக்கினம். எட்டாம் வீட்டில செவ்வாய். செவ்வாய் தோஷம் உண்டு." பிறகு சாம்பவியைப் பார்த்து, "சிவப்பு எழுத்தில வேற போட்டிருக்கிறீர்," என்றான்.

"பிழை!" இராசமலர் எழும்பிவிட்டார். "முழுப் பிழை! என்ர பிள்ளைக்குச் செவ்வாயோ? ஆருக்கு? என்ர பிள்ளைக்கோ? முப்பது வருசமா இந்தச் சாதகத்தைக் கண்ணுக்குள்ள வைச்சிருக்கிறன். இதென்ன கண்டறியாத கணக்கு!"

"ஓம், பிழை," என்றார் சரோஜினிதேவி. "அதைத்தான் சொல்ல வந்தனான்."

கீழே கடையில் யாரோ இரும்புக் கம்பிகளை இழுத்துப் போட்டார்கள்.

"உங்கட மகன் கடக லக்கினத்தின்ர கரையில பிறந்திருக்கிறார். எங்கட பிள்ளை பூசத்தின்ர கரையில பிறந்தவள். ரெண்டு பேருக்கும் பேஜ் அரை மணியைக் கூட்டிப் பாத்திருக்கு. அவருக்குத் தோஷம் இல்லையெண்டால் இவளுக்கு ஆயிலியமும் இல்லை. இவளுக்கு ஆயிலியம் எண்டால் அவருக்குச் செவ்வாய். எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"நான் தோஷக்காரன் எண்டாலும் நீர் கட்டுவீரோ?" என்று கார்த்திகன் சாம்பவியிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"யோசிக்க வேணும்," என்றாள் அவள். அந்த நாளில் முதல் தடவையாக அவளுடைய கை போனைத் தேடவில்லை.

இராசமலருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவருக்கு வேறொரு பயம் பிடித்துவிட்டது. "ஐயோ, இந்தப் பேஜை ஊர் முழுக்கப் பாக்குதே! ஆராவது என்ர பிள்ளையின்ர திகதியைப் போட்டுப் பாத்தால்? பிள்ளை, இதை உடன திருத்து. இப்பவே. இந்த மேசையிலயே இருந்து திருத்து. தம்பி, அந்த வைபை பாஸ்வேர்டைக் குடு!"

சாம்பவி பெரியம்மாவைப் பார்த்தாள். சரோஜினிதேவி தலையசைத்தார். கணினி திறந்தது. அந்த முதல் வரி திரையில் வந்ததும் சாம்பவி கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.

"சத்தியம் பண்ணினனான். நான் தொடமாட்டன். நீங்கள் மாத்துங்கோ."

சரோஜினிதேவி அப்போதுதான் அந்த வீட்டில் அமர்ந்தார். நிறைவெண் என்ற சொல்லை அழித்துப் பின்னத்துக்கான சொல்லை எழுதினார். பங்ஷனுக்குள்ளே அந்த எண் வரும் மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தார். சாம்பவி மறுபடி கம்பைல் செய்து ஏற்றினாள். அதற்குள் கார்த்திகன் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தான். இராசமலரே மகனின் திகதியை முதலில் அடித்தார். கடக லக்கினம் என்று கண்டதும் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகுதான் மருமகளின் திகதியை அடித்தார். பூசம்.

"பேஜின்ர மேல ஒரு அறிவித்தல் போடு," என்றார் சரோஜினிதேவி. "இண்டைக்கு முன்னம் இதில பாத்தவை எல்லாரும் திரும்ப ஒருக்காப் பாக்க வேணும் எண்டு. கீழ என்ர பேர்."

"எங்கட பேர் அதில வரக்கூடாது," என்றார் இராசமலர். பிறகு, கொஞ்சம் நேரம் எடுத்து, "வெள்ளிக்கிழமைக்கு உங்கட பக்கத்தில இருந்து எத்தினை பேர் வருவியள்? சமையலுக்குச் சொல்ல வேணும்," என்றார்.

சமாதானம் அந்த வழியாகத்தான் வரும் என்பது சரோஜினிதேவிக்குத் தெரியும். வேறொருவர் என்றால் ஏற்றுக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பார்.

"அதுக்கு முன்னம் ஒண்டு. அந்தச் சொல்லை ஆருக்கெல்லாம் சொன்னனீங்கள்?"

இராசமலர் மகனைப் பார்த்தார். மகன் முகட்டைப் பார்த்தான்.

"அண்ணைக்கு மட்டும்தான்."

"அப்ப அண்ணைக்குச் சொல்லுங்கோ."

இராசமலர் போனை எடுத்தார். அவருடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசாவின் கட்டைக் குரல் அறை முழுவதும் கேட்டது. அந்த மனிதர் போனில் பேசினாலே தெருவுக்குக் கேட்கும்.

"அண்ணை, அது பூசம்தானாம். நாங்கள் நினைச்ச மாதிரி இல்லை. அவையிலயும் பிழையில்லை, எங்களிலயும் பிழையில்லை. எல்லாம் இந்தக் கொம்பியூட்டரின்ர கூத்து."

"கொம்பியூட்டரில பிழையில்லை," என்றார் சரோஜினிதேவி. சத்தமாக, போனுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார். "அதுக்கு எழுதிக் குடுத்ததைத்தான் அது செய்தது. எழுதினது நான். பிழை என்னில. எங்கட வீட்டில பொய் மட்டும் இல்லை."

போனுக்குள் அந்தக் கட்டைக் குரல் திரும்ப எழும்பியது.

"ஆரது கதைக்கிறது?"

"பொம்பிளையின்ர பெரியம்மா, அண்ணை."

"அவவோ? வெள்ளிக்கிழமைக்கு அவவும் வாறாவாமோ?"

இராசமலர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணால் கேட்டார்.

"வருவன் எண்டு சொல்லுங்கோ," என்றார் சரோஜினிதேவி. தோளில் சீலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.